நோட் ஷீட் வாசிப்பவர்

மைசூரின் கிருஷ்ணராஜா புல்வார்டில் ஓரியண்டல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 1891-ல் அரசு நூலகமாகத் தொடங்கியது. கௌடில்யர் அர்த்தசாஸ்திரம் என்று ஒரு நூல் செய்தார் என எல்லோரும் சொல்லிக்கொண்டு, முழுப் பிரதியை யாரும் கண்ணால் பார்த்திராத காலத்தில், 1905-ல் ஆர்.சாமசாஸ்திரி இந்த நூலகத்தில்தான் அதன் சுவடியை அடையாளம் கண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பனையோலைக் கட்டு அது, கிரந்த எழுத்து. 1909-ல் அச்சேறியது. அதே சாலையில் சற்றுத் தள்ளிப் பழைய நீதிமன்ற வளாகம். கறுப்புக் கோட்டுக்காரர்கள் தினமும் கடந்துபோகும் கட்டடத்தில்தான், அரசாங்கப் பணத்தை எப்படியெல்லாம் சுருட்டலாம் என்பதற்கு இந்தியாவில் எழுதப்பட்ட மிகப் பழைய பட்டியல் இருக்கிறது.

நாற்பது வழிகள். நூலின் இரண்டாம் அதிகரணத்தில் வருகிறது. முன்னால் வசூலானதைப் பின்னால் வரவு வைப்பது. பின்னால் வரவேண்டியதை முன்தேதியிட்டு எழுதுவது. வசூலிக்க வேண்டியதை விட்டுவிடுவது. நிறைய வந்ததைக் கொஞ்சம் என்று காட்டுவது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் பெயரில் ஏற்றுவது. வாசித்துக்கொண்டே போனால் ஒன்று தெரியும். கஜானாவை உடைப்பவன் இந்தப் பட்டியலில் அனேகமாக இல்லை. எல்லாம் கணக்கெழுதுகிற இடத்திலேயே நடக்கிறது. தேதி, பெயர், தொகை, இந்த மூன்றையும் இடம் மாற்றினால் போதும். அப்படியென்றால் கண்டுபிடிக்க வேண்டியவனும் வாளோடு வர வேண்டியதில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றாகிறது. லோகாயுக்தா போன்ற கண்காணிப்பு அமைப்புகளில் வேலை பார்க்கும் வக்கீல்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் பிழைப்பு வாசிப்பு.

அதே அத்தியாயத்தில் துப்புச் சொல்பவனுக்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கையாடலைக் காட்டிக்கொடுத்து நிரூபித்தால் அந்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கு வெகுமதி. அவன் அரசுச் சம்பளம் வாங்குபவனாக இருந்தால் பன்னிரண்டில் ஒன்றுதான். நிரூபிக்க முடியாமல் போனால் தண்டனை. கர்நாடக லோகாயுக்தா சட்டம் வெகுமதியை எடுத்துவிட்டுத் தண்டனையை மட்டும் வைத்துக்கொண்டது. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. முதலாம் படிவத்தில் புகார், இரண்டாம் படிவத்தில் சத்தியப் பிரமாணம். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் சிறை. துப்புக் கொடுப்பவன் மேல் ராஜ்ஜியத்துக்கு உள்ள சந்தேகம் அன்றிலிருந்து இன்றுவரை பெரிதாகக் குறையவில்லை.

இந்த அமைப்புகளின் கதையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்கும் பங்குண்டு. மன்னார்குடியில் பிறந்த கே.சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழுவின் பரிந்துரைப்படிதான் 1964-ல் மத்திய கண்காணிப்பு ஆணையம் வந்தது. அதே ஆண்டு நம் லஞ்ச ஒழிப்புத் துறையும் உருவானது. 1966-ல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் லோகாயுக்தா வேண்டும் என்றது. கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வராக இருந்தபோது 1984-ல் சட்டம் வந்தது. தமிழ்நாடு 2018 வரை காத்திருந்தது. அதைப் பற்றிப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

நான் ஜூனியராக இருந்த மூத்த வழக்கறிஞர் ஒருவர், அதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு கண்காணிப்பு அலுவலகத்தில் சட்டப் பொறுப்பில் இருந்தவர். சேலத்துக்காரர், மைசூருக்கு வந்து கன்னடக் கோப்புகளில் ஊறியவர். ஒரு கோப்பு கையில் வந்தால் புகாரை முதலில் படிக்க மாட்டார். அலுவலர்கள் வரிசையாகக் குறிப்பெழுதி ஒப்பமிடும் தாளான நோட் ஷீட்டுக்கு நேராகப் போவார். கர்நாடக அரசு அலுவலகங்களில் கேஸ் வொர்க்கர் என்று ஒருவர் இருப்பார். நம் ஊர்ப் பிரிவு எழுத்தர் மாதிரி. கோப்பைத் தொடங்கி எழுதுபவர் அவர்தான். அவர் எழுதியதற்குக் கீழே கண்காணிப்பாளர், அவருக்குக் கீழே அதிகாரியின் பச்சை மை. சார் ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்வார். விண்ணப்பம் வந்த தேதி, கேஸ் வொர்க்கர் கையெழுத்துப் போட்ட தேதி, கோப்பு மேலே போன தேதி, கீழே வந்த தேதி.

ஒருமுறை அப்படி ஒரு மனைப்பிரிவுக் கோப்பு. கேஸ் வொர்க்கர் விதியை எடுத்துக் காட்டி, விண்ணப்பத்தை ஏற்க வழியில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அடுத்த வரியில் அதிகாரி 'கலந்து பேசவும்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். பதினொரு நாள் கோப்பில் ஒன்றுமே இல்லை. பன்னிரண்டாம் நாள் அதே கேஸ் வொர்க்கர், அதே கையெழுத்தில், 'கலந்து பேசியபடி' என்று ஆரம்பித்து, விண்ணப்பத்தை ஏற்கலாம் என்று எழுதியிருக்கிறார். விதி மாறவில்லை. புதிய ஆவணம் எதுவும் சேரவில்லை. சார் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பதினொரு நாள்ல என்ன நடந்திருக்கும்னு நினைக்கிற?"

"என்ன சார், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும் தெரியும்ல, அதுல ஒரு ஆளைக் கூட்டிட்டு வாம்மா. கூண்டுல ஏறி, 'எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்'னு சொல்ற ஒரே ஒரு ஆள். போதும்."

அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் கடைசியில் எழுதிய வாக்கியம் எனக்கு அப்போது ஏமாற்றமாக இருந்தது. முதல் குறிப்புக்கும் இரண்டாம் குறிப்புக்கும் இடையே நிலைப்பாடு மாறியதற்கான காரணம் கோப்பில் பதிவாகவில்லை. காரணத்தைப் பதிவுசெய்யத் தவறியது விதிமீறல். இதற்கு அதிகாரி விளக்கம் தர வேண்டும். அவ்வளவுதான். லஞ்சம் என்ற சொல்லே கிடையாது. தெரிந்ததில் கால்வாசியைத்தான் எழுதினார். ஆனால் அந்தக் கால்வாசியை யாராலும் அசைக்க முடியவில்லை. அதிகாரிக்கு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பெரிய தண்டனையா என்றால் இல்லை. எழுதியதைத் தாண்டி ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் அதையே பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் ரத்து செய்ய வைத்திருப்பார்கள். அந்த வேலையைச் செய்யும் வக்கீல்கள் எதிர்த்தரப்பிலும் உண்டு. நானே பின்னால் செய்திருக்கிறேன்.

மக்களுக்குப் பிடித்தது இதுவல்ல. மக்களுக்கு ட்ராப் பிடிக்கும். ரசாயனம் தடவிய நோட்டு என்று நம் பத்திரிகைகள் அலுக்காமல் எழுதுகிற விஷயம். பினாப்தலின் பொடி தடவிய நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, வேறு துறையைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வைத்து மகஜர் எழுதி, புகார்தாரரை அனுப்புவார்கள். பணம் கைமாறியதும் அவர் ஜாடை காட்டுவார். உள்ளே போய், வாங்கியவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகிவிடும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து அரக்கு சீல் வைப்பார்கள். மறுநாள் படத்தோடு செய்தி. 2001 முதல் 2006 வரை கர்நாடக லோகாயுக்தாவாக இருந்த நீதிபதி என்.வெங்கடாசலா, சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறைக்கு லோகாயுக்தா என்றாலே அந்தக் காட்சிதான்.

வக்கீலின் வேலை அந்தப் படம் பழசான பிறகு ஆரம்பிக்கிறது. வழக்குத் தொடர அரசின் அனுமதி வர வேண்டும். வழக்கு எண்ணாகி விசாரணைக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடியிருக்கும். சாட்சியாக வந்த ஊழியர் ஓய்வுபெற்றுப் பெண் வீட்டில் இருப்பார். புகார்தாரருக்கு ஆக வேண்டிய காரியம் எப்போதோ ஆகிவிட்டது. ஊரில் அந்த அதிகாரியின் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. கூண்டில் ஏறி, பணம் கேட்டதாக ஞாபகமில்லை என்கிறார். பாட்டிலில் தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் கையில் பணம் இருந்தது மட்டும் குற்றமாகிவிடாது, கேட்டு வாங்கினார் என்பதை நிரூபிக்க வேண்டும் என்று 2014-ல் பி.ஜெயராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சியாகிவிட்டாலோ சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டும் அதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வழிகாட்டியது. வழி இருக்கிறது, குறுகலான வழி. அதில் நடக்கத் தெரிந்த வக்கீலுக்கு மறுபடியும் தேவைப்படுவது அதே நோட் ஷீட்தான். பணம் கைமாறிய அன்று புகார்தாரரின் கோப்பு எந்த மேஜையில் இருந்தது? அதற்கு முன் எத்தனை நாள் அங்கேயே கிடந்தது? கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இருந்ததா? கூண்டில் மறந்துபோகிறவர்களுக்கு எதிராக, மறக்காத ஒரே சாட்சி அது.

2011 ஜூலையில், அப்போது கர்நாடக லோகாயுக்தாவாக இருந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே கொடுத்த சட்டவிரோத இரும்புச் சுரங்க அறிக்கையின் பலமும் அங்கேதான் இருந்தது. வனத்துறை அதிகாரி யு.வி.சிங்கின் குழு பல்லாரியில் யாரையும் கையும் களவுமாகப் பிடித்துவிடவில்லை. கொடுத்த அனுமதிச்சீட்டு எத்தனை டன்னுக்கு, துறைமுகத்தில் கப்பலேறியது எத்தனை டன் என்று காகிதத்தோடு காகிதத்தை ஒட்டிப் பார்த்தார்கள். ராஜ்ஜியத்துக்கு 16,085 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்கு வந்தது. முதல்வர் எடியூரப்பா அந்த மாதமே பதவி விலகினார். அவர் மேல் பதிவான வழக்கை அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் ரத்து செய்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேராக இருக்கும்.

மைசூரில் காகிதம் என்றால் பெரும்பாலும் மனைதான். பிளேக் நோய் ஊரை உலுக்கியபின், நெரிசலைக் குறைத்து நகரத்தைத் திருத்தியமைக்க 1903-ல் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போர்டு வந்தது. அகலச் சாலைகளும் சாக்கடையும் பூங்காக்களும் அதன் கொடை. அதன் வாரிசாக வந்ததுதான் மைசூர் நகர்ப்புற வளர்ச்சி ஆணையமான மூடா. நோயிலிருந்து காப்பாற்ற வந்த அமைப்பிடம், நூறாண்டுகளில், ஊரிலேயே விலைமதிப்புள்ள பொருள் சேர்ந்துவிட்டது. நிலம் கொடுத்தவருக்கு, பண்படுத்திய மனைகளில் பாதி என்று 2020 வாக்கில் ஒரு திட்டம் வந்து 2023-ல் கைவிடப்பட்டது. எந்த நிலத்துக்கு, எந்த ஆண்டுக் கையகப்படுத்தலுக்கு, எந்தப் பகுதியில் மாற்று மனை என்பதில்தான் எல்லாச் சிக்கலும். கெசரெ கிராமத்தில் 3 ஏக்கர் 16 குண்டே நிலத்துக்கு ஈடாக விஜயநகர் பகுதியில் 2024-ல் முதல்வராக இருந்த சித்தராமையாவின் மனைவிக்கு 14 மனைகள் ஒதுக்கப்பட்ட விவகாரம் நாடறிந்தது.

அதில் எனக்கு அக்கறையுள்ள பகுதி அரசியல் அல்ல. 2024 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றம், மைசூர் லோகாயுக்தா போலீசார் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 27-ம் தேதி வழக்குப் பதிவானது. மனைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. நவம்பர் 6-ம் தேதி, பதவியிலிருக்கும் முதல்வர், தன் சொந்த மாவட்டத்தில், ஒரு எஸ்.பி. அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மாநில அரசின் தலைவரை, மாநிலப் போலீசிலிருந்து அயல்பணியில் வந்திருக்கும் அதிகாரி விசாரிக்கிறார். அந்த அறையில் இருப்பவர்களின் அடுத்த இடமாற்ற உத்தரவு எங்கிருந்து வரும் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 2025 பிப்ரவரியில், மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றக் கோரிய மனுவை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே மாதம் லோகாயுக்தா போலீசார், முதல்வர் உள்ளிட்ட நால்வர் மீது போதிய ஆதாரமில்லை என்று, வழக்கை முடிக்கக் கோரும் பி அறிக்கை தாக்கல் செய்தார்கள். பல்லாயிரம் பக்கங்கள்.

ஆதாரமில்லை என்ற முடிவு சரியா தவறா என்று இந்தப் பக்கங்களில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்த வார்த்தையின் மேல் யாருக்கும் நம்பிக்கையில்லாத நிலைமை எப்படி வந்தது என்று யோசிக்கலாம். ஆளுங்கட்சிக்காரர்கள் அதைக் குற்றமற்றவர் என்று வாசித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மூடி மறைத்தார்கள் என்று வாசித்தார்கள். கோப்பில் இருந்ததோ மூன்றாவது ஒன்று. கையில் இருக்கும் காகிதம் இவ்வளவு தூரம்தான் கொண்டுபோகிறது என்பது அதன் பொருள். இதைச் சொல்பவருக்குச் சொந்தக் கால் இருந்தால்தான் சொல்லுக்கு மதிப்பு. 2016-ல் லோகாயுக்தாவின் போலீஸ் அதிகாரத்தைப் பிடுங்கி, அரசின் கீழேயே ஊழல் தடுப்புப் படை என்று தனியாக வைத்தார்கள். 2022 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அதைக் கலைத்துப் பழையபடி லோகாயுக்தாவிடமே ஒப்படைக்கும்வரை ஆறு வருஷம் அப்படி ஓடியது. இப்படி ஆட்சிக்கு ஆட்சி கைமாறுகிற அமைப்பு, உண்மையிலேயே ஆதாரமில்லாத வழக்கில் ஆதாரமில்லை என்று சொன்னாலும் எடுபடாது. குற்றம் செய்யாத அதிகாரிக்கு அதுதான் பெரிய நஷ்டம். துறை விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வுபெறும்போது பணிக்கொடை நின்றுபோகும். தற்காலிக ஓய்வூதியத்தில் காலம் தள்ள வேண்டும். பெண் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்த ஒரு நில அளவர், நிரபராதி என்ற அறிக்கை கைக்கு வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காபி வாங்கிக் கொடுத்தோம், குடிக்காமலே போய்விட்டார்.

இன்னொரு பக்கத்தில் புகார்தாரர். 2018 மார்ச் 7-ம் தேதி பெங்களூரில், லோகாயுக்தா விஸ்வநாத ஷெட்டியை அவருடைய அறையிலேயே ஒருவர் கத்தியால் குத்தினார். நல்லவேளையாக அவர் பிழைத்தார். குத்தியவர் கொடுத்த புகார்கள் முன்பே முடித்து வைக்கப்பட்டிருந்தன. நடந்ததற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு எல்லோரும் பாதுகாப்பைப் பற்றித்தான் பேசினார்கள், மெட்டல் டிடெக்டர் பற்றி. புகாரை முடித்து வைக்கும் கடிதங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வேலையில் மிக அதிகமாக எழுதப்படுவது அந்தக் கடிதம்தான். வருகிற புகார்களில் கணிசமானவை அதிகார வரம்புக்கு வெளியே, அல்லது கோர்ட்டில் இருக்கும் சொத்துத் தகராறு, அல்லது காலம் கடந்தவை. ஆறு மாதத்துக்குள் கொடுத்தால்தான் குறைதீர்ப்பு. ஐந்து வருஷத்துக்குள் கொடுத்தால்தான் குற்றச்சாட்டு. விசாரிக்க மறுத்தால் காரணத்தை எழுதிப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காரணம் என்ற பெயரில் பல இடங்களிலும் போய்ச் சேர்வது, பிரிவு எண்களால் ஆன ஒன்றரை வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன புரிந்துகொள்வார்? அதிகாரி நல்லவர், நான் பொய்யன் என்று எழுதிவிட்டார்கள் என்றுதான்.

ட்ராப் போடத் தெரிந்த வக்கீலைவிட இந்தக் கடிதத்தை எழுதத் தெரிந்த வக்கீல் அரிது என்பது என் அபிப்பிராயம். சார் எழுதுவார். அப்படி அவர் எழுதிய ஒன்று, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவருக்கு. மாற்று மனை தருவதில் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பது புகார். நடந்து ஏழு வருஷமாகிவிட்டது. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போனது. உங்கள் புகாரை விசாரிக்காததற்குக் காரணம் கால வரம்பு மட்டுமே; அதிகாரி மேல் தவறில்லை என்று இந்த அலுவலகம் கருதுவதாக இதற்குப் பொருளல்ல; மனை தொடர்பாக இன்ன இடத்தில் மேல்முறையீடு செய்யலாம். நடு வாக்கியம் தேவையில்லை, வம்பு என்று மேலிடத்தில் அடிக்கப் பார்த்தார்களாம். இவர் விடவில்லை.

பல மாதம் கழித்து, சார் அந்த வேலையை விட்டு வெளியே வந்து பிராக்டீஸ் தொடங்கியபின், விசாரித்துக்கொண்டு அந்தப் பெரியவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

"ஐயா, இதுல தப்பில்லைன்னு சொல்லலைன்னு போட்டிருக்கீங்க. அப்ப தப்பு நடந்திருக்குதானே?"

"அதையும் நான் சொல்லலை பெரியவரே."

"அப்ப என்னதான் சொல்றீங்க?"

"விசாரிக்கவே இல்லைங்கிறேன். விசாரிக்காத விஷயத்துல எனக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். "சரி, அவங்க ஆபீஸ் கோப்புல என் மனையைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு நான் பார்க்க முடியுமா?" என்றார்.

"தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. மொத்தக் கோப்பும் வேணும்னு கேட்காதீங்க, இழுத்தடிப்பாங்க. நோட் ஷீட் நகல்னு குறிப்பிட்டுக் கேளுங்க. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர்."

"நோட் ஷீட்," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, எழுதிக்கொடுக்கச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.